கலைஞர் மேசை

கலைஞர் மேசை என்பது, சித்திரக்கதை, அனிமே, அறிபுனை, நிகழ்பட விளையாட்டு போன்றவற்றின் ஆர்வலர்களுக்காக நடத்தப்படும் மாநாடுகளில், தனிப்பட்ட ஓவியர்களும் சிறு வெளியீட்டாளர்களும் தமது ஆக்கங்களை நேரடியாக விற்பதற்காக வாடகைக்குக் கொடுக்கப்படும் மேசை ஆகும். இத்தகைய மேசைகள் வரிசையாகப் போடப்பட்டுள்ள பகுதி ஆங்கிலத்தில் "ஆர்ட்டிஸ்ட் ஆலி" எனப்படுகின்றது. தமிழில் இதனைக் கலைஞர் ஒழுங்கை அல்லது கலைஞர் சந்து எனலாம். பெரிய நிறுவனங்கள் அமைக்கும் காட்சிக்கூடங்களில் இருந்து இது பல வகையிலும் வேறுபட்டது. அங்கே பணியாளர்கள், கண்ணாடிப் பேழைகள், பூட்டக்கூடிய இழுப்பறைகள் முதலியன இருக்கும். கலைஞர் மேசையில் பெரும்பாலும் ஒருவரோ இருவரோ மட்டுமே இருப்பர். வரைந்தவரே விற்பவராகவும், காசாளராகவும், காவலாளியாகவும் இருக்கவேண்டியுள்ளது.

இதனால், பொருட்களைக் காட்சிப்படுத்துவதும் அவை திருடு போகாமல் காப்பதும் ஒன்றுக்கொன்று முரணான தேவைகளாக அமைகின்றன. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள் எளிதாக விற்பனையாகும். அதே பொருள் எளிதாகக் காணாமலும் போகும். எல்லாவற்றையும் பூட்டி வைத்தால் திருட்டும் நிகழாது, விற்பனையும் நிகழாது. மேசை வாடகை, பயணச் செலவு, தங்குமிடச் செலவு ஆகியவற்றை இரண்டு அல்லது மூன்று நாள் விற்பனையைக் கொண்டே ஈடுசெய்ய வேண்டியிருப்பதால், சிறிய இழப்புக்கூட ஒரு கலைஞரின் ஆதாயத்தை இல்லாமற் செய்துவிடக்கூடும்.

வரலாறு

ஆர்வலர் மாநாடுகளில் ஓவியங்களை விற்கும் வழக்கம் பழமையானது. 1939 ஆம் ஆண்டில் நியூ யார்க் நகரில் நடைபெற்ற முதல் உலக அறிபுனை மாநாட்டிலேயே இதழ்களுக்காக வரையப்பட்ட மூல ஓவியங்கள் ஏலத்தில் விடப்பட்டன. பின்னர் வந்த அறிபுனை மாநாடுகளில் ஓவியக் கண்காட்சி என்ற தனிப்பகுதி உருவானது. இதில் ஓவியங்கள் தட்டிகளில் மாட்டப்பட்டு, மாநாட்டுக் குழுவினரின் பொறுப்பில் விடப்படும். வாங்க விரும்புவோர் அருகிலுள்ள தாளில் தமது விலையை எழுதுவர். காவல் காப்பதும் பணம் பெறுவதும் குழுவினரின் வேலையாகும். கலைஞர் மேசை முறையில் இப்பொறுப்புகள் அனைத்தும் கலைஞரின் தலையிலேயே விழுகின்றன.

ஐக்கிய அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1970 ஆம் ஆண்டில் ஒரு விடுதியில் சில நூறு பேருடன் தொடங்கிய சித்திரக்கதை மாநாடு, பின்னர் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் கூடும் நிகழ்வாக வளர்ந்தது. 1992 இல் தொடங்கிய அனிமே எக்ஸ்போ, 1994 இல் தொடங்கிய சிறு வெளியீட்டாளர் கண்காட்சி, 2006 இல் தொடங்கிய நியூ யார்க் காமிக் கான் போன்றவை இவ்வரிசையில் வந்தவை. தொடக்கத்தில் கலைஞர் மேசை என்பது ஓவியர் அமர்ந்து கையொப்பம் இடுவதற்கும், கேட்பவருக்கு அவ்விடத்திலேயே வரைந்து கொடுப்பதற்குமான இடமாகவே பெரிதும் இருந்தது. திருடிச் செல்வதற்கு மேசை மேல் அதிகம் எதுவும் இருக்கவில்லை. மலிவான எண்ணிம அச்சும், சிறிய அளவில் பொருட்களைச் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகளும் பரவிய பின்னரே நிலைமை மாறியது. அச்சுப்படங்கள், ஸ்டிக்கர்கள், பட்டன் பேட்ஜுகள், அக்ரிலிக் சாவிக்கொத்துகள், எனாமல் பின்கள் எனச் சிறிய பொருட்கள் மேசையை நிறைத்தன. இன்று ஒரு கலைஞர் மேசை ஏறத்தாழ ஒரு சிறு கடையாகவே உள்ளது. கடைகளுக்குரிய சிக்கல்களும் அதனுடன் கூடவே வந்துவிட்டன.

மேசையும் விதிகளும்

ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் பெரும்பாலும் 6 அடி (183 செ.மீ) அல்லது 8 அடி (244 செ.மீ) நீளமான மடிப்பு மேசைகள் கொடுக்கப்படுகின்றன. இவற்றின் அகலம் 24 முதல் 30 அங்குலம் வரை இருக்கும். சில மாநாடுகளில் இரு கலைஞர்கள் ஒரே மேசையைப் பாதியாகப் பகிர்ந்து கொள்வதும் உண்டு. மேசையுடன் பொதுவாக இரண்டு நாற்காலிகளும், அனுமதி அட்டைகளும் கிடைக்கும்.

மேசைக்கு முன்னுள்ள நடைபாதையில் எதையும் வைக்கக்கூடாது என்பது ஏறத்தாழ எல்லா மாநாடுகளிலும் உள்ள விதியாகும். இது தீயணைப்புத் துறையின் பாதுகாப்பு விதிகளில் இருந்து வருவதால், இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. மேசையின் மீதும் பின்னாலும் எழுப்பப்படும் சட்டங்களுக்கு உயர வரம்பு உண்டு. அது மாநாட்டுக்கு மாநாடு வேறுபடும். மண்டபச் சுவர்களில் எதையும் ஒட்டவோ மாட்டவோ அனுமதிப்பதில்லை. ஆகவே, ஏறக்குறைய 1.5 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு பலகையும், அதற்கு மேலுள்ள வெற்றிடமுமே கலைஞருக்குக் கிடைக்கும் இடமாகும்.

காட்சிப்படுத்தல்

தட்டையான மேசையில் விரித்து வைக்கப்படும் பொருட்கள் மேசையை ஒட்டி நிற்பவருக்கு மட்டுமே தெரியும். நான்கு அல்லது ஐந்து மீட்டர் தொலைவில் கூட்டத்துடன் நகர்ந்து செல்பவருக்கு மேசை விரிப்பும் முன்னால் நிற்பவர்களின் முதுகும்தான் தெரியும். மேசையின் உயரம் ஏறத்தாழ 74 செ.மீ, நிற்பவரின் கண் அதைவிட இருமடங்கு உயரத்தில் இருக்கின்றது. இதனால்தான் பொருட்களை நிமிர்த்திக் காட்டவேண்டிய தேவை ஏற்படுகின்றது.

இதற்காகப் பயன்படும் கருவிகளுள் பெரும்பாலானவை வேறு வேலைகளுக்காகச் செய்யப்பட்டவை. துணி அடுக்குவதற்காக விற்கப்படும் கம்பி வலைச் சட்டங்களை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 35 செ.மீ சதுரம், பிளாஸ்டிக் கட்டுப்பட்டிகளால் பிணைத்துச் சுவர் போல எழுப்புவர். நீர்க்குழாய்க்கான பி.வி.சி. குழாய்களை அளவாக வெட்டி, வளைவுத் துண்டுகளால் இணைத்து வளைவு வாயில் போல நிறுத்துவோரும் உள்ளனர். ஒளிப்படக் கூடங்களில் பின்திரை தொங்கவிடப் பயன்படும் மடக்குத் தாங்கி, விமானப் பயணப் பெட்டிக்குள் அடங்குவதால் தொலைவில் இருந்து வருவோர் இதனை விரும்புகின்றனர். பின்களுக்குத் தக்கைப் பலகையும், சாவிக்கொத்துகளுக்குக் கொக்கிகள் பதித்த மரச்சட்டமும், சிறு நூல்களுக்குச் சமையலறைத் தட்டுத் தாங்கியும் பயன்படுகின்றன.

எந்த அமைப்பாயினும் அது சாயாமல் நிற்கவேண்டும். கம்பி வலைச் சுவர் மேல்பாரம் மிகுந்தால் முன்பக்கமாகக் கவிழும். முன்னால் நிற்பவர் மீது அது விழுந்தால் ஏற்படக்கூடிய பொறுப்பு, ஒரு நாள் முழுவதும் திருடு போகக்கூடிய பொருட்களின் மதிப்பைவிடப் பெரியது. அடிச்சட்டத்தை மேசையுடன் இறுக்கிக் கட்டுவதும், கனமான இருப்புப் பெட்டிகளை அடியில் வைப்பதும் வழக்கம்.

பொருட்களின் விலையை ஒவ்வொன்றின் அருகிலும் எழுதி வைப்பது விற்பனைக்கு உதவுவதோடு, பின்னர் கூறப்படும் ஒரு காரணத்தினால் பாதுகாப்புக்கும் உதவுகின்றது.

மாதிரிப்படி முறை

காட்சிக்கு ஒன்று, இருப்பு வேறிடத்தில் என்பதே மாதிரிப்படி முறையின் அடிப்படை. அச்சுப்படங்களுக்கு இது மிகவும் பொருந்துகின்றது. வட அமெரிக்காவில் பரவலாக விற்கப்படும் அச்சுப்படத்தின் அளவு 11 × 17 அங்குலம் (28 × 43 செ.மீ). இந்த அளவில் நாற்பது படங்களை மேசையில் பரப்புவது இயலாது. ஆகவே ஒவ்வொரு படத்திலும் ஒரு படி மட்டும் பின்சுவரில் மாட்டப்பட்டு, அதற்கு ஓர் எண் இடப்படுகின்றது. வாங்குபவர் "12 ஆம் எண்" என்று கேட்பார். கலைஞர் மேசைக்கு அடியில் எண் வரிசைப்படி அடுக்கியுள்ள கோப்பில் இருந்து அதனை எடுத்துக் கொடுப்பார். பெயரைக் கேட்டு, புரியாமல் மீண்டும் கேட்டு, விரலால் சுட்டிக்காட்டி அறிந்துகொள்ளும் சிரமம் இரைச்சல் மிகுந்த மண்டபத்தில் இதனால் குறைகின்றது. பின்சுவரில் உள்ள படம் எவர் கைக்கும் எட்டாது. மாதிரிப்படி திருடப்பட்டால்கூட இழப்பு ஒரு தாளுக்கு மேற்படாது.

ஸ்டிக்கர்களில், ஒவ்வொரு வகையிலும் ஒன்றைப் பலகையில் நிலையாக ஒட்டிவிட்டு மற்றவற்றைப் பெட்டியில் வைப்பர். பின்களில், மாதிரிகளைப் பலகையின் பின்புறம் திருகும் பூட்டுப்பிடி கொண்டு இறுக்கிவிடுவர். சாதாரண ரப்பர் பிடியை இரு விரல்களால் இழுத்து எடுத்துவிடலாம். பூட்டுப்பிடியைக் கழற்றுவதற்குப் பலகையைத் திருப்பவேண்டும். அது எவர் கண்ணிலும் படும் செயலாகும்.

இம்முறையின் குறை வேகம். ஒவ்வொரு விற்பனைக்கும் கலைஞர் குனிந்து தேடவேண்டியிருக்கின்றது. குனிந்திருக்கும் அந்த நேரத்தில் மேசையின் மேற்பரப்பு காவலற்றுப் போகின்றது. எனவே அதிகம் விற்பனையாகும் பொருட்களின் இருப்பு மேசைக்குக் கீழே இல்லாமல், அமர்ந்தபடியே கைநீட்டி எடுக்கக்கூடிய உயரத்தில் பக்கவாட்டில் இருப்பது சிறந்தது. மாதிரிப்படி முறையைக் கைக்கொண்டும் பொருட்களை இழந்தவர்களில் பலர் இருப்பைத் தவறான இடத்தில் வைத்தவர்களே.

புத்தகங்களுக்கு இம்முறை முழுமையாகப் பொருந்தாது. புரட்டிப் பார்க்காமல் எவரும் புத்தகம் வாங்குவதில்லை. "மாதிரிப்படி" என்று அட்டையில் பெரிதாக எழுதிய ஒரு படியை முன்னால் வைப்பதே இதற்கான வழக்கமான தீர்வு. அவ்வாறு எழுதப்பட்ட படியைத் திருடுவோர் குறைவு. அது அழுக்கடைந்தாலும் இருப்பு புதிதாகவே இருக்கும்.

திருட்டு நிகழும் விதம்

லாரன்சு கோகென், மார்க்கசு ஃபெல்சன் என்னும் சமூகவியலாளர்கள் 1979 ஆம் ஆண்டில் முன்வைத்த வழமைச் செயற்பாட்டுக் கோட்பாட்டின்படி, ஒரு குற்றம் நிகழ்வதற்கு மூன்று கூறுகள் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடவேண்டும். அவை, செய்ய விழையும் ஒருவர், பொருத்தமான ஒரு இலக்கு, தடுக்கக்கூடிய காவலர் இல்லாமை என்பனவாகும். மாநாட்டு மண்டபத்தில் முதற்கூறைக் கலைஞரால் கட்டுப்படுத்த இயலாது. இரண்டாவதும் மூன்றாவதும் ஓரளவு அவர் கையில் உள்ளன.

எப்பொருள் பொருத்தமான இலக்காகும் என்பதைக் குற்றவியலாளர் ரொனால்ட் கிளார்க் 1999 இல் ஆறு இயல்புகளாக வகுத்தார். மறைக்க எளிதாதல், எடுத்துச்செல்ல எளிதாதல், கைக்கெட்டும் இடத்தில் இருத்தல், மதிப்புடைமை, விருப்பத்துக்குரியதாதல், பின்னர் விற்க எளிதாதல் என்பன அவை. எனாமல் பின் இந்த ஆறில் ஐந்தையேனும் கொண்டுள்ளது. ஒரு நாணயத்தின் அளவே உள்ள அதனை உள்ளங்கையில் மறைக்கலாம். விலையோ பெரும்பாலும் ஒரு அச்சுப்படத்தின் விலையை நெருங்கும். குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்ட பின்களைச் சேகரிப்போர் மறுவிற்பனையில் வாங்குவதால் ஆறாவது இயல்பும் சில வேளைகளில் சேர்ந்துகொள்கின்றது. இதற்கு மாறாக, பெரிய அச்சுப்படம் மடிந்தால் மதிப்பிழந்துவிடும். உறையும் அட்டையும் சேர்ந்த அதனைச் சட்டைக்குள் மறைக்க இயலாது. ஆகவே மேசையின் ஓரங்களில் பெரிய பொருட்களையும், கலைஞரின் கைக்கு நேர் முன்னால் சிறிய பொருட்களையும் வைப்பது பொதுவான நடைமுறையாகியுள்ளது. புதியவர்கள் பலர் இதற்கு நேர்மாறாக, சிறிய பொருட்கள் கண்ணைக் கவரும் என்று எண்ணி அவற்றை நடைபாதையை ஒட்டிய மூலையில் வைத்துவிடுகின்றனர்.

காணாமற் போகும் பொருட்கள் அனைத்தும் திருடப்பட்டவை அல்ல. மாநாட்டுக்கு வருவோருக்குப் பெரிய நிறுவனங்கள் இலவச ஸ்டிக்கர்கள், பேட்ஜுகள், விளம்பரத் தாள்கள் போன்றவற்றைக் கொடுப்பது வழக்கம். கலைஞர்களும் தமது முகவரி அட்டைகளை மேசையில் இலவசமாக வைத்துள்ளனர். இவற்றின் அருகில் விலை குறிக்கப்படாத ஒரு கிண்ணம் நிறைய ஸ்டிக்கர்கள் இருந்தால், அவையும் இலவசம் என்று எண்ணி எடுத்துச் செல்வோர் இருப்பதில் வியப்பில்லை. குறிப்பாகச் சிறுவர்கள் இவ்வாறு செய்வர். விலைச்சீட்டு இந்த ஐயத்தைப் போக்குகின்றது. அதுமட்டுமன்றி, வேண்டுமென்றே எடுப்பவர் பின்னர் "இலவசம் என்று நினைத்தேன்" எனக் கூறும் வாய்ப்பையும் இல்லாமற் செய்கின்றது. இலவச அட்டைகளை விற்பனைப் பொருட்களில் இருந்து விலக்கி, மேசையின் எதிர்முனையில் வைப்பதும் நல்லது.

வேண்டுமென்றே திருடுவோர் பெரும்பாலும் கூட்டத்தைப் பயன்படுத்துகின்றனர். மாலை நேரத்தில், மேசைக்கு முன்னால் ஐந்தாறு பேர் நெருக்கி நிற்கும்போது, கலைஞர் ஒருவரிடம் பணம் பெற்றுக்கொண்டிருக்கும் சில நொடிகள் போதும். இருவராக வருவோரில் ஒருவர் பின்சுவரின் உச்சியில் உள்ள ஒரு படத்தைப் பற்றி நீண்ட கேள்வி கேட்பார். கலைஞர் திரும்பி அதனைப் பார்க்கும்போது மற்றவர் எடுத்துவிடுவார். ஆனால் உண்மையிலேயே ஆர்வமுள்ள வாடிக்கையாளரும் அதே கேள்வியைத்தான் கேட்பார். இருவரையும் வேறுபடுத்தி அறிய நம்பகமான வழி எதுவும் இல்லை. எனவே ஆளைக் கொண்டு ஐயப்படுவதைவிட, எவர் கேட்டாலும் முழுவதும் திரும்பாமல் பதில் சொல்லக்கூடியவாறு மேசையை அமைத்துக்கொள்வதே பயனுள்ளது. எண்ணிடப்பட்ட படங்கள் இதற்கும் உதவுகின்றன.

தோற்றம், உடை, வயது, நிறம் என்பவற்றைக் கொண்டு ஒருவரைக் கண்காணிப்பது நியாயமற்றது என்பதுடன் பயனற்றதும் ஆகும். மாநாடுகளில் பலர் மாறுவேட உடையில், பெரிய பைகளுடனும் மேலங்கிகளுடனும் வருகின்றனர். இவற்றை ஐயத்துக்குரிய அடையாளமாகக் கொண்டால் மண்டபத்தில் பாதிப்பேரை ஐயப்பட வேண்டியிருக்கும்.

பார்வைக் கோடு

உயரமான கம்பி வலைச் சுவரை மேசையின் முன்விளிம்பில் எழுப்பினால் அது தொலைவில் இருப்போரை ஈர்க்கும். ஆனால் நாற்காலியில் அமர்ந்திருக்கும் கலைஞரின் கண்களை அது முற்றாக மறைத்துவிடும். சுவரின் மறுபக்கத்தில் தொங்கும் சாவிக்கொத்துகளை யார் தொடுகின்றார்கள் என்பது அவருக்குத் தெரியாது. இத்தகைய மேசைகளில், ஒரு நாளின் முடிவில் எண்ணிப் பார்க்கும் வரையில் இழப்பு அறியப்படுவதே இல்லை.

இதனைத் தவிர்க்க மூன்று அமைப்புகள் வழக்கில் உள்ளன. முதலாவது, சுவரை மேசையின் பின்விளிம்புக்கோ கலைஞரின் முதுகுக்குப் பின்னாலோ நகர்த்துவது. இரண்டாவது, இருபுறமும் இரு தூண்கள் போல எழுப்பி நடுவில் சாளரம் போன்ற இடைவெளி விடுவது. மூன்றாவது, கடைகளில் உள்ள படிக்கட்டு அடுக்குப் போல, முன்னால் தாழ்வாகவும் பின்னால் உயர்வாகவும் அமைப்பது. இவற்றுள் தனியாக விற்பவருக்கு முதலாவதே ஏற்றது. இரண்டாவது அமைப்பில் தூண்களின் வெளிப்பக்கம் எப்போதும் குருட்டிடமாகவே இருக்கும். அங்கே பொருட்களைத் தொங்கவிடாமல் வெறும் பெயர்ப்பலகையை மட்டும் மாட்டவேண்டும்.

அமர்ந்திருப்பதைவிட நிற்பது நல்லது என்று அனுபவமுள்ள விற்பனையாளர்கள் கூறுவர். ஆனால் நாளொன்றுக்கு எட்டு அல்லது ஒன்பது மணி நேரம் சீமெந்துத் தரையில் நிற்பது எளிதன்று. உயரமான மடிப்பு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து, நிற்பவரின் கண்மட்டத்திலேயே அமர்ந்திருப்பது ஓர் இடைவழியாகும்.

வருபவரை நிமிர்ந்து பார்த்து வணக்கம் சொல்வது மலிவான காவல் முறையாகும். தாம் கவனிக்கப்பட்டுவிட்டதை அறிந்தவர் திருடத் தயங்குவார். வாங்க வந்தவருக்கோ அது வரவேற்பாகவே தோன்றும். குனிந்து வரைந்துகொண்டே இருக்கும் கலைஞருக்கு இவ்விரண்டும் கிடைப்பதில்லை. எனினும், கேட்பவருக்கு வரைந்து கொடுப்பதே பலருக்கு முக்கிய வருமானம். இவர்கள் வரைபலகையைச் சாய்வாக நிறுத்தி, தலையை அதிகம் குனியாமல் வரைவதுண்டு. அல்லது ஓவியக் கோரிக்கைகளைப் பகலில் பெற்று, இரவில் விடுதியறையில் வரைந்து, மறுநாள் கொடுப்பதுண்டு.

அயல் மேசைக்காரர்கள்

தனியாக வரும் கலைஞரின் பெரிய இடர்ப்பாடு மேசையை விட்டு அகல முடியாமையாகும். உணவு, கழிப்பறை ஆகிய தேவைகளுக்காகச் சிறிது நேரமேனும் செல்லத்தான் வேண்டும். சில மாநாடுகள் இதற்கெனத் தன்னார்வலர்களை ஒழுங்கு செய்கின்றன. ஏனைய இடங்களில் பக்கத்து மேசைக்காரரே துணை. மண்டபம் திறப்பதற்கு முன்பாகவே இருபுறமும் உள்ளவர்களுடன் அறிமுகம் செய்துகொள்வது இதனால் மரியாதை மட்டுமன்றித் தேவையும் ஆகின்றது. செல்லும்போது மேசை மீது ஒரு துணியைப் போர்த்தி, திரும்பும் நேரத்தை எழுதி வைப்பர். போர்த்தியிருக்கும் துணியை விலக்கி எடுப்பது, திறந்து கிடப்பதில் இருந்து எடுப்பதைவிட மிகவும் வெளிப்படையான செயல் என்பதால் மெல்லிய துணிகூட உண்மையில் பாதுகாப்பளிக்கின்றது.

பணம்

மேசையில் மிகவும் மதிப்புள்ள பொருள் பணப்பெட்டியே. ஒரு பின்னை இழந்தவர் அன்றைய நாளைத் தொடரலாம். பணப்பெட்டியை இழந்தவர் வீடு திரும்பும் பயணச் செலவுக்கே தவிக்க நேரிடலாம். உலோகப் பணப்பெட்டி பூட்டப்பட்டிருந்தாலும் பெட்டியோடு தூக்கிச் செல்லக்கூடியது. இதனால் இடுப்பில் கட்டும் பை அல்லது பைகள் தைத்த முன்றானை அணிவோர் அதிகம். சில்லறையை மட்டும் கையருகே வைத்து, பெரிய நோட்டுகளை அவ்வப்போது வேறு பைக்கு மாற்றுவதும் வழக்கம்.

சிறிய பொருளுக்குப் பெரிய நோட்டைக் கொடுத்து, சில்லறை எண்ணும்போது வேறு நோட்டாக மாற்றித்தருமாறு இடையிடையே கேட்டுக் குழப்பும் ஏமாற்று எல்லா நாடுகளிலும் உள்ளது. ஒரு கொடுக்கல் வாங்கல் முடியும்வரை வாங்கிய நோட்டைப் பைக்குள் போடாமல் மேசையில் கண்ணெதிரே வைத்திருப்பதும், ஒன்று முடியாமல் மற்றொன்றைத் தொடங்காமையும் இதற்கு மருந்தாகும்.

2009 இல் தொடங்கப்பட்ட ஸ்குயர் போன்ற நிறுவனங்களின் சிறிய அட்டை வாசிப்பான்கள் பரவியதால் பணத்தாள்களின் அளவு குறைந்தது. ஆனால் பல்லாயிரவர் கூடும் மண்டபங்களில் கைபேசி இணைப்பு அடிக்கடி தடைப்படும். அவ்வேளையில் இணைப்பில்லாமல் அட்டையை ஏற்றால், பின்னர் வங்கி மறுத்துவிட்ட தொகை விற்றவருக்கே இழப்பாகும். 2016 இல் யு.பி.ஐ. அறிமுகமான இந்தியாவில் சிக்கல் வேறு வடிவம் பெறுகின்றது. பணம் செலுத்தியதாகக் காட்டும் பொய்யான திரைப்படிமம், விற்பவரின் குறியீட்டுப் படத்தின் மேல் வேறொன்றை ஒட்டிவிடுதல் ஆகியன இங்கு அறியப்பட்ட ஏமாற்றுகள். வாங்குபவரின் திரையைப் பாராமல் தமது கைபேசியில் வரும் அறிவிப்பையோ ஒலிப்பெட்டியின் குரலையோ மட்டுமே நம்புவது பாதுகாப்பானது.

இழப்பைக் கணக்கிடல்

எவ்வளவு இழக்கப்படுகின்றது என்பதை அறியாமல் எவ்வளவு காவல் தேவை என்பதைத் தீர்மானிக்க முடியாது. கணக்கு எளிதானது. காலையில் 50 பின்களுடன் தொடங்கிய மேசையில் மாலையில் 31 பின்கள் இருந்து, விற்பனைக் குறிப்பில் 16 மட்டுமே இருந்தால், 3 பின்கள் கணக்கில் இல்லை. இம்மூன்றும் திருட்டு என்று உடனே முடிவு செய்யக்கூடாது. கலைஞர்கள் தமக்குள் பொருட்களைப் பண்டமாற்றுச் செய்வது மிகவும் பரவலான வழக்கம். நண்பர்களுக்குக் கொடுத்தது, அவசரத்தில் எழுத மறந்த விற்பனை ஆகியனவும் இதில் அடங்கும்.

செய்வதற்கு 3 டாலர் செலவாகி 10 டாலருக்கு விற்கப்படும் ஒரு பின் திருடப்பட்டால் இழப்பு எவ்வளவு? இருப்பு மீந்து போகும் நிலையில் இழப்பு 3 டாலர் மட்டுமே. மாநாடு முடியுமுன் எல்லாமே விற்றுத் தீரும் நிலையிலோ, வாங்க ஆளிருந்தும் கொடுக்கப் பொருளில்லாமற் போவதால், இழப்பு முழுமையாக 10 டாலர். இதன்படி, 40 டாலருக்கு வாங்கிய பூட்டுள்ள கண்ணாடிப் பேழை பின்னைய நிலையில் 4 பின்களைக் காத்தாலே தன் விலையை ஈடுகட்டிவிடும். முன்னைய நிலையில் 14 பின்களைக் காக்கவேண்டும். பேழைக்குள் இருப்பதைக் கேட்டு வாங்கக் கூச்சப்பட்டு ஆறு பேர் சென்றுவிட்டால், ஒவ்வொருவரிடமும் கிடைத்திருக்கக்கூடிய 7 டாலர் வீதம் 42 டாலர் ஆதாயம் இழக்கப்படுகின்றது. பேழை காத்ததைவிட இழக்கச் செய்தது அதிகமாகவும் இருக்கலாம். ஆகையால் பலரும் விலையுயர்ந்த, குறைந்த எண்ணிக்கையில் உள்ள பொருட்களுக்கு மட்டுமே பேழையைப் பயன்படுத்துகின்றனர். மலிவான ஸ்டிக்கர்களில் சில போவதை வாடகையைப் போன்ற ஒரு செலவாக ஏற்றுக்கொள்கின்றனர்.

திருட்டைக் கண்டால்

ஒருவர் பொருளை எடுத்துப் பையில் இடுவதைக் கலைஞர் நேரில் கண்டால் என்ன செய்வது என்பது கடினமான வினா. முதற்படியாக, "அதற்கு ஓர் உறை தரட்டுமா?" என்றோ "பணமாகவா, அட்டையாகவா?" என்றோ இயல்பான குரலில் கேட்பது பலராலும் பரிந்துரைக்கப்படுகின்றது. மறதியால் எடுத்தவர் அவமானப்படாமல் பணம் கொடுத்துவிடுவார். வேண்டுமென்று எடுத்தவரும் பெரும்பாலும் திருப்பி வைத்துவிடுவார். எவர் மீதும் குற்றம் சுமத்தப்படவில்லை.

துரத்திச் செல்வது தவறு. மேசை முழுவதும் காவலற்றுப் போவதுடன், கூட்டத்தில் கைகலப்பு ஏற்பட்டால் காயமும் நேரலாம். ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில், நியாயமான காரணம் இருந்தால், ஐயத்துக்குரியவரைச் சிறிது நேரம் நிறுத்தி வைப்பதற்குக் கடைக்காரருக்கு உரிமையளிக்கும் சட்டங்கள் உள்ளன. காரணம், முறை, கால அளவு ஆகிய மூன்றும் நியாயமானவையாக இருக்கவேண்டும். இல்லையேல் நிறுத்தியவர் மீதே வழக்குத் தொடரலாம். பயிற்சியற்ற ஓவியர் ஒருவர் 10 டாலர் பின்னுக்காக இந்த ஆபத்தை ஏற்பது அறிவுடைமையன்று. மாநாட்டுப் பணியாளருக்கோ பாதுகாப்பு அலுவலருக்கோ நேரம், உடை, சென்ற திசை ஆகியவற்றை உடனே தெரிவித்து, அக்கம்பக்கத்து மேசைகளையும் எச்சரிப்பதே வழக்கமான நடைமுறை. ஒரு மேசையில் எடுத்தவர் அடுத்த வரிசையிலும் எடுக்கக்கூடும் என்பதால் இவ்வெச்சரிக்கை பயனற்றதன்று.

ஐயத்துக்குரியவரின் ஒளிப்படத்தைப் பொதுவெளியில் இட்டு அவரைத் திருடர் என்று அறிவிக்கும் போக்கும் உள்ளது. படத்தில் உள்ளவர் சிறுவராகவோ, பணம் கொடுத்தே வாங்கியவராகவோ இருந்துவிட்டால் நேர்ந்த தீங்கைத் திரும்பப் பெற முடியாது.

இரவும் இடமாற்றமும்

பலநாள் மாநாடுகளில் மண்டபம் இரவில் பூட்டப்பட்டுக் காவலர் நிறுத்தப்படுவர். எனினும், மேசையில் விடப்படும் பொருட்களுக்கு மாநாட்டுக் குழு பொறுப்பேற்பதில்லை என்று ஒப்பந்தங்களில் பொதுவாக எழுதப்பட்டிருக்கும். துப்புரவாளர்கள், மின்பணியாளர்கள், ஏனைய விற்பனையாளர்கள் எனப் பலர் அந்நேரத்தில் உள்ளே இருப்பர். எனவே பணம், வரைகணினி, மூல ஓவியங்கள், பின்கள் போன்றவற்றை விடுதிக்கு எடுத்துச் சென்று, சட்டங்களையும் அச்சுப்படங்களையும் மட்டும் துணியால் மூடிவிட்டுச் செல்வர்.

பொருட்களை இறக்கும் காலையும் ஏற்றும் மாலையும் குறிப்பாகக் கவனிக்கவேண்டியவை. கடைசி நாளில் எல்லோரும் களைத்து, ஒரே நேரத்தில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருப்பர். வண்டியை எடுத்துவரச் சென்ற நேரத்தில் நடைபாதையில் விடப்பட்ட பெட்டியை எவர் தூக்கிச் சென்றாலும் அது இயல்பான காட்சியாகவே தோன்றும். மூன்று நாள் வருமானமும் மீந்த இருப்பும் அந்த ஒரு பெட்டியில் இருக்கக்கூடும். கட்டும்போது பணத்தையும் மதிப்புள்ளவற்றையும் முதலில் எடுத்து உடலோடு வைத்துக்கொண்டு, சட்டங்களைக் கடைசியில் கழற்றுவது நல்ல வழக்கமாகும்.

யப்பானிய முறை

யப்பானில் 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவில் 32 குழுக்களுடன் தொடங்கிய காமிக் மார்க்கெட், அல்லது காமிக்கெட், சொந்தமாக வெளியிடும் சித்திரக்கதை நூல்களுக்கான மிகப் பெரிய சந்தையாக வளர்ந்துள்ளது. 1996 இல் இருந்து பெரும்பாலும் டோக்கியோ பிக் சைட் மண்டபத்தில் கோடையிலும் குளிர்காலத்திலும் நடைபெறுகின்றது. இங்கு ஒரு குழுவுக்குக் கிடைப்பது நீண்ட மேசையில் பாதி, அதாவது ஏறத்தாழ 90 × 45 செ.மீ இடம் மட்டுமே. முதன்மையான விற்பனைப் பொருள் பின்னோ சாவிக்கொத்தோ அன்று, மெல்லிய நூல்கள். அவை அட்டை தெரிய மேசையில் அடுக்கப்படுகின்றன. வருபவர் "பார்க்கலாமா?" என்று கேட்டு, ஒரு படியை எடுத்துப் புரட்டி, மீண்டும் அடுக்கில் வைப்பார் அல்லது பணத்தை நீட்டுவார். அனுமதி கேட்கும் இந்தச் சிறு வழக்கமே விற்பவரின் கவனத்தை ஒவ்வொரு முறையும் பொருளின் மீது கொண்டுவந்துவிடுகின்றது. மேலும், விற்போர், வாங்குவோர், நடத்துவோர் எல்லோருமே பங்கேற்பாளர்கள், எவரும் வாடிக்கையாளர் அல்லர் என்பது காமிக்கெட்டின் கொள்கை. வருவோர் சரியான சில்லறையுடன் வரவேண்டும் என்று எதிர்பார்க்கப்படுவதால், விற்பவர் சில்லறை எண்ணுவதில் கவனம் சிதறும் நேரமும் குறைகின்றது.

பிற நாடுகளில்

மலேசியாவில் 2002 இல் தொடங்கிய காமிக் ஃபியெஸ்டா, சிங்கப்பூரில் 2008 இல் தொடங்கிய அனிமே ஃபெஸ்டிவல் ஏசியா ஆகியவற்றில் யப்பானிய, அமெரிக்க முறைகள் இரண்டும் கலந்துள்ளதைக் காணலாம். இந்தியாவில் முதல் காமிக் கான் 2011 ஆம் ஆண்டில் தில்லியில் நடைபெற்றது. பின்னர் வேறு நகரங்களுக்கும் பரவிய இம்மாநாடு, 2024 பெப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் முதன்முறையாக நடத்தப்பட்டது.

வடிவத் திருட்டு

மேசையில் இருந்து எதையும் எடுக்காமலே நிகழும் திருட்டும் உண்டு. மாட்டப்பட்டுள்ள அச்சுப்படத்தைத் தெளிவாக ஒளிப்படம் எடுத்து, அதனைச் சட்டைகளிலும் கைபேசி உறைகளிலும் அச்சிட்டு விற்போர் உள்ளனர். இதனால் சில மேசைகளில் "ஒளிப்படம் எடுக்கவேண்டாம்" என்ற அறிவிப்பைக் காணலாம். அதே வேளையில், ஒளிப்படம் எடுக்கும் பலர் பின்னர் திரும்பி வந்து வாங்குவதற்காகவும், நண்பரிடம் காட்டுவதற்காகவுமே எடுக்கின்றனர். அவர்களைத் தடுக்காமல், கலைஞரின் பெயரும் மேசை எண்ணும் படத்துடன் சேர்ந்து விழும்படி பெயர்ப்பலகையை நடுவில் மாட்டிவிடுவோரும் உள்ளனர். மாதிரிப்படியின் குறுக்கே மெல்லிய நாடா ஒன்றை ஒட்டுவது மற்றொரு முறை. படம் எப்படிப்பட்டது என்பது வாங்குபவருக்குத் தெரியும். படியெடுப்பவருக்கு அது பயன்படாது.